எத்தனை அடிக் குதிரை?

எங்கள் பக்கத்து ஐயனார் கோயில்களில் சுட்ட மண்ணால் ஆன மாடுகளும் நிற்கும், குதிரைகளும் நிற்கும். மாட்டைப் பார்த்தால் மாடு. திமில் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும், அலைதாடி தொங்கவேண்டிய அளவுக்குத் தொங்கும், காது பக்கவாட்டில் படிந்திருக்கும். குதிரை அப்படி இல்லை. நான்கு கால்களும் தூண்கள். கழுத்து செங்குத்து. உருட்டி விழித்த கண், வெளியே தெரியும் பல்வரிசை, தொங்கும் நாக்கு. உலகத்தில் எந்தக் குதிரைக்கும் அந்த முகம் கிடையாது. மாட்டைச் செய்ததும் குதிரையைச் செய்ததும் ஒரே கை. மாட்டில் அவ்வளவு கணக்காக இருக்கும் கை, குதிரைக்கு வந்ததும் ஏன் இப்படிக் கட்டவிழ்கிறது?

எங்கள் ஊர் வேளாரிடமே ஒருமுறை கேட்டேன். மண் மிதித்துக்கொண்டிருந்தவர் காலை நிறுத்தாமலே சொன்னார்: “மாடு எல்லா வீட்டுலயும் நிக்குது தம்பி. கொம்பு ஒரு விரக்கடை தள்ளிப் போனாலும் ‘எங்க மாடு இப்படியா இருக்கு’ன்டு சண்டைக்கு வந்துருவாக. குதிரைய யாரு கண்டா?”

அவர் கண்டிருந்தார். புதுக்கோட்டை டவுனில் ஜட்கா வண்டிக் குதிரைகள் நின்ற காலம் அவருடைய இளமை. விலா எலும்பு எண்ணக்கூடிய குதிரைகள். வாயோரம் நுரை, கழுத்தில் சேணம் உராய்ந்த புண், அதன்மேல் ஈ. “அதப் பாத்துச் செஞ்சா ஐயனாரு ஏறமாட்டாரு. குடுக்குறவுகளும் எடுத்துட்டுப் போகமாட்டாக” என்றார். சாமியைவிட இரண்டாவது காரணத்துக்குத்தான் அவர் அதிகம் பயந்தார் என்று எனக்குத் தோன்றியது.

புதுக்கோட்டைக்குத் தெற்கே, சிவகங்கைச் சீமை தொடங்கும் வரைக்கும் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் திருப்பூரோ சிங்கப்பூரோ. கண்மாய்க் கரையின் கடைக்கோடியில், மரக்கூட்டத்துக்குள் ஐயனார் இருப்பார். ராத்திரி அவர் குதிரையேறி எல்லையைச் சுற்றிவருவார் என்பது நம்பிக்கை. அதற்காகத்தான் ஊரார் குதிரை செய்து கொடுப்பது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற வழியில் நமணசமுத்திரத்தில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மண்குதிரைகள் வரிசை வரிசையாக, தலைமுறை தலைமுறையாக. முன்னால் நிற்பவை முழுசாக இருக்கும். பின்னால் போகப்போகக் காது போனது, தாடை போனது, தலையே போனது. கடைசியில் ஓட்டாஞ்சில்லுக் குவியல். அதை யாரும் அள்ளி அப்புறப்படுத்துவதும் இல்லை, எடுத்து ஒட்டவைப்பதும் இல்லை. குதிரை கொடுத்த நாளோடு கொடுத்தவருடைய கடன் தீர்ந்தது. அதன்பிறகு மழை பார்த்துக்கொள்ளும்.

இந்த மண்ணில் குதிரை என்பது எப்போதுமே விருந்தாளி மிருகம். பாண்டிய ராஜாக்களுக்குக் குதிரை கப்பலில் வந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ எழுதிவைத்திருப்பதைப் படித்தால் சிரிப்பதா வருந்துவதா தெரியாது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் குதிரைகளை ராஜா ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள். வருஷம் முடிவதற்குள் 100கூடத் தேறுவதில்லை. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவிடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கும்? வேகவைத்த இறைச்சியும் சோறும் போட்டார்கள் என்கிறார் போலோ. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த தானியத்தில் வெண்ணெய் சேர்த்துக் கொடுத்தார்கள், காய்ச்சிய பசும்பால் குடிக்கவைத்தார்கள் என்கிறார். மாப்பிள்ளைக்குச் செய்கிற உபசாரத்தைக் குதிரைக்குச் செய்திருக்கிறார்கள். புல் தின்கிற பிராணி அது என்று யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் ராஜாவிடம் சொல்லப் பயமா?

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே போனால் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன பணத்தைச் சிவனுக்குச் செலவழித்துவிட்டு நின்ற திருப்பெருந்துறை அதுதான். சிவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்து பாண்டியனிடம் ஒப்படைக்கிறார். ராஜா அங்கவடி, சேணம், சுழி எல்லாம் பார்த்துத் திருப்தியாகி லாயத்தில் கட்டச் சொல்கிறான். ராத்திரி அவை ஊளையிடுகின்றன. லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவைத்துவிட்டு ஓடுகின்றன. புராணத்தில் இது சிவபெருமானின் திருவிளையாடல். எனக்கு இதில் பிடித்தது ராஜா குதிரையைச் சோதித்துப் பார்க்கிற இடம். அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவனுக்கு நரியும் பரியும் வித்தியாசம் தெரியவில்லை. பகட்டுக்கு வாங்குகிற பொருளில் அதெல்லாம் தெரியவும் வேண்டாம் போலிருக்கிறது.

கல்லில் வந்த குதிரையோ சாகவே சாகாது. ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்காலைத் தூக்கி எழுந்து நிற்கும் குதிரைகளைப் பார்க்க எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். 16ஆம் நூற்றாண்டு வேலை. மேலே வீரன், கீழே வேட்டை மிருகம், நடுவில் காற்றில் தொங்கும் குளம்பு. கடிவாள வார்கூடக் கல். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தோம். எனக்கு மட்டும் என்னவோ எங்கள் ஊர்க் குதிரைதான் பயங்கரமானதாகத் தெரிந்தது. ஸ்ரீரங்கத்துக் குதிரை எதிரியைப் பார்க்கிறது. எங்கள் குதிரை என்னைப் பார்க்கிறது.

புரவி எடுப்பு எங்கள் ஊரில் வருஷா வருஷம் கிடையாது. மழை பெய்து, கண்மாய் பெருகி, ஊர்க்கூட்டத்தில் சண்டையில்லாமல் பேச்சு முடிந்தால் உண்டு. அப்போது அம்பலக்காரர் வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார். பிடிமண் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. வேளாரும்தான். அன்றிலிருந்து அவர் விரதம். எங்கள் கோயிலுக்குப் பூசாரியும் அவரே. சாமிக்குக் குதிரை செய்கிறவரே சாமிக்குத் தீபமும் காட்டுவார்.

கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். கால்கள்தான் முதலில். கால் காய்ந்து பாரம் தாங்கும் பதம் வந்தபிறகுதான் வயிறு. சுருள் சுருளாக மண்ணை வைத்து, பலகையால் தட்டித் தட்டி ஏற்றுவார்கள். உள்ளே வெறும் கூடு. வயிறு இறங்கிவிடாமல் நடுவில் ஒரு முட்டு. அந்த முட்டை வெறும் தூணாக விடாமல், குதிரையைத் தாங்கும் ஒரு சின்ன ஆளாகச் செய்துவிடுவார் எங்கள் வேளார். ஒருவருஷம் அந்த ஆளுக்கு வைத்த மீசையைப் பார்த்ததும் ஊரே யாரென்று புரிந்துகொண்டது. கூலியில் குறைத்துப் பேசியவர் அவர். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், தவம் செய்யும் முனிவருக்குப் போட்டியாகக் கையைத் தூக்கி நிற்கும் பூனையை வைத்தானே பல்லவச் சிற்பி, காலடியில் எலிகளையும் விட்டு, அவனுடைய பங்காளிதான் எங்கள் வேளாரும். மீசைக்காரருக்கு மட்டும் கடைசிவரை அது தெரியவில்லை. தன் குதிரை மற்றதைவிட உயரமா என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

உயரம்தான் எல்லாச் சண்டைக்கும் ஆதி. அரண்மனைப் புரவி என்று ஊர்ப்பொதுவில் ஒரு ஜோடி. அது முன்னே போகும். பின்னால் நேர்த்திக்கடன் புரவிகள். எங்கள் ஊரில் இரண்டு கரை. மேலக்கரைக்காரர் குதிரை எத்தனை அடி என்று கேட்காமல் கீழக்கரைக்காரர் சொல்லமாட்டார். வேளார் வீட்டு வாசலுக்கு ராத்திரியில் ஆள் வரும். “அவுகளுக்கு எத்தனை அடி சொல்லியிருக்காக?” என்று விசாரிக்கும். வேளார் இருவரிடமும் ஒரே அளவைச் சொல்லிவிட்டு, ஒரே அளவில் செய்துவிட்டு, பூவைக் கட்டும் இடத்தில் மட்டும் இஷ்டம்போல ஏற்றிக்கொள்ள விடுவார். சூளைக்கு ஒரு அளவு உண்டு, மனுஷனுக்கு இல்லை என்பது அவர் தொழிலில் கண்ட நியாயம்.

புரவிப் பொட்டலில் குதிரைகளை வரிசையாக நிறுத்துவார்கள். சுண்ணாம்பு வெள்ளை, காவி, நீலம். வேட்டி துண்டு கட்டி மாலை சாத்துவார்கள். கடைசியில் கண் திறப்பு. அதுவரை அதன்மேல் சாய்ந்து பீடி குடித்தவர்கள்கூடக் கருவிழி வைத்தபின் எதிரே நிற்கத் தயங்குவார்கள். பிறகு மூங்கில் கட்டித் தோளில் தூக்குவார்கள். ஓடவேண்டும். நடந்தால் பாரம் தெரியும். செருப்பில்லாத கால்கள், அறுப்பு முடிந்த வயல், கொட்டு, குலவை, முன்னால் சாமியாடி. சும்மா இருக்கும்போது குதிரையின் பெருமை கொடுத்தவருக்கு. தூக்கும்போது பாரம் முழுக்கத் தோள் கொடுப்பவர்களுக்கு. கொடுத்தவர் புது வேட்டியில் பக்கத்தில் ஓடிவருவார், “பாத்து, பாத்து” என்று. அந்த நேரத்து முகத்தை நான் பல பேரிடம் கவனித்திருக்கிறேன். வேட்டி மடிப்பில் இருக்கும் மிடுக்கு முகத்தில் இருக்காது. குதிரை கீழே விழுந்துவிட்டால்?

சூளையிலேயே விழுவதும் உண்டு. ஈரம் முழுக்கக் காயாமல் நெருப்புக்குள் போனால் வெடிக்கும். சுவர் ஒரு பக்கம் தடிமனாக இருந்தாலும் விரியும். ஒருதடவை எங்கள் உறவுக்காரர் ஒருவருடைய குதிரைக்குக் கழுத்தில் விரிசல். அவருடைய மகன் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். வேளார் ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கல் பொடியும் சிமெண்டும் குழைத்துப் பூசி, மேலே வெள்ளையடித்து, விரிசல் மேலேயே மணிமாலை ஒன்றையும் வரைந்துவிட்டார். “சொல்லலையா?” என்று கேட்டேன். “சொன்னா அவரு தூங்குவாரா?” என்றார். பையன் பிழைத்தான். விரிசல் குதிரையைத்தான் அந்தக் குடும்பம் இன்றைக்கும் ராசியான குதிரை என்கிறது.

எல்லாக் காணிக்கையும் குதிரை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கண் நோவுக்கு மண் கண். கால் வலிக்கு மண் கால். மாட்டுக்கு நோவு வந்தால் மாடு. பிள்ளை வேண்டுமென்றோ, பிறந்த பிள்ளை தங்கவேண்டுமென்றோ வேண்டிக்கொண்டவர்கள் மதலை வைப்பார்கள். கையளவிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் மண்ணில் செய்த குழந்தை. இந்தச் சின்ன உருவங்கள் ஊருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். கால் வைத்தவருக்குக் காலில் என்ன என்று நாலு பேர் கேட்பார்கள். மதலை தூக்கிவரும் பெண்ணின் வயிற்றை நாற்பது கண்கள் பார்க்கும். குதிரை மட்டும் வாயைத் திறக்காது. வட்டிக் கடனோ, கோர்ட்டுக் கேஸோ, தலைமறைவான மகனோ, யாருக்கும் சொல்லமுடியாத வியாதியோ, எதற்கும் அதே முறைத்த கண், அதே பல். ‘என்ன காரியமா குதிரை எடுக்குறீக?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘எத்தனை அடி?’ என்றுதான் கேட்பார்கள்.

என் சித்தப்பா விஷயத்தில்தான் எனக்கு இது புரிந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய், கொத்தனாராகி, மேஸ்திரியாகி, கொஞ்சம் காசு சேர்த்து வந்தவர். 1996இல் மண்குதிரையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பி கட்டி, செங்கல் வைத்து, சிமெண்டில் 14 அடிக் குதிரை. குளமங்கலத்துக்கு ஆள் கூட்டிப்போய்ப் பார்த்துவந்த பிறகு அவருக்கு வந்த ஆசை அது. அங்கே பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயரமான குதிரை, தாவும் நிலையில். மாசி மகத்தன்று அதன்மேல் காகித மாலைகளைச் சாத்திக்கொண்டே போவார்கள். குதிரை மறைந்து மாலைமலையாகிவிடும். பார்த்துவந்த சித்தப்பா, கண்மாய்க் கரையில் பீடம் கட்டி, பீடத்தில் முழ அகல எழுத்தில் உபயம் என்று தன் பெயரையும், கீழே சிங்கப்பூரையும் எழுதவைத்தார். தார் ரோட்டுப் பக்கம் பார்த்த மாதிரி. ஐயனாருக்கு அது முதுகுப்பக்கம்.

ஊரில் பேசாதவர்கள் இல்லை. சம்பாத்தியத் திமிர் என்றார்கள். மேலக்கரைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் என்று எங்கள் பக்கம் சொன்னார்கள். வேளார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் போன பிழைப்பு போனது. ஆனாலும் கண் திறக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள், அவரும் வந்து திறந்துவிட்டுப் போனார். நானும் அப்போது காலேஜில் படித்த திமிரில் சித்தப்பாவைப் பாண்டிய ராஜாவோடு சேர்த்து நண்பர்களிடம் கேலி பேசியிருக்கிறேன்.

அப்பத்தாதான் ஒருநாள் வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னது. “ஏன்டா, அவன் கல்யாணம் முடிச்சு எத்தனை வருசம் ஆச்சு? வீட்டுல தொட்டில் கட்டுனமா? மதலை எடுக்கச் சொல்லி நான்தான் சொன்னேன். மாட்டேன்னுட்டான். ‘ஆத்தா, ஊரு பூரா அவ வயித்தைப் பாக்கும். நான் குதிரை செஞ்சு குடுத்துர்றேன், என்னையப் பாக்கட்டும்’ன்டான்.”

அவ்வளவுதான் சொன்னது. சித்தியின் மேல் விழவேண்டிய கண்களையெல்லாம் இழுத்துக்கொள்ள 14 அடி தேவைப்பட்டிருக்கிறது. அதற்காகச் சித்தப்பாவிடம் பகட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தது, நிறையவே. வெள்ளிக்கிழமைதோறும் பைக்கை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் குதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார், யாராவது பஸ்ஸிலிருந்து எட்டிப்பார்க்கிறார்களா என்றும் பார்ப்பார். இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருந்தன. வேளார் குதிரைகளின் முகத்தில் நான் இத்தனை நாள் பார்த்ததும் அதுதானோ என்னவோ: பல்லைப் பார்த்தால் மிரட்டுகிறது, கண்ணைப் பார்த்தால் மிரண்டிருக்கிறது.

பிள்ளை பிறக்கவில்லை. ஐயனார்மேல் சித்தப்பாவுக்குக் கோபம் வந்ததாகவும் தெரியவில்லை. சில வருஷம் வெள்ளையடித்தார், பிறகு விட்டுவிட்டார். சிமெண்டுக் குதிரையில் ஒரு சங்கடம். மண்குதிரை உதிர்ந்தால் அது நியமம். பக்கத்தில் புதிது வந்துவிடும். சிமெண்டுக் குதிரைக்கு உதிரும் உரிமை கிடையாது. கம்பி துருப்பிடித்து, முழங்காலில் பூச்சு பெயர்ந்து, உள்ளேயிருந்து செங்கல் தெரிய நின்றது. பார்க்கிறவர்களுக்குக் கொடுத்த குடும்பம் நொடித்துப்போய்விட்டதோ என்று தோன்றும்படி நின்றது. வேளார் மகன் அதைப் பார்த்து, “எங்கப்பா செஞ்சிருந்தா இந்நேரம் கரைஞ்சு நிம்மதியாப் போயிருக்கும்” என்றான். அவனும் இப்போது சின்ன உருவங்கள்தான் அதிகம் செய்கிறான். ஹோட்டல் வாசலுக்கு, ரிசார்ட்டுத் தோட்டத்துக்கு என்று குதிரை கேட்டு வருகிறார்களாம். அவர்களுக்குப் பல் இல்லாத குதிரைதான் வேண்டுமாம். விருந்தாளிகளின் குழந்தைகள் அழுகின்றனவாம்.

சித்தப்பா போன மறுவருஷம் ஊரில் கோயில் திருப்பணிக் கமிட்டி கூடியது. குதிரையை இடித்துவிட்டு அந்த இடத்தில் மண்டபம் போடலாம் என்று ஒரு யோசனை, காலை மட்டும் செப்பனிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம் என்று இன்னொன்று. பீடத்தில் உள்ள பெயரை அழித்துவிட்டு ‘ஊர்ப்பொது’ என்று எழுதினால் செலவைக் கமிட்டியே ஏற்கும் என்று நாசூக்காகச் சொன்னார்கள். வீட்டுப் பிள்ளை என்று என்னையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். நான் மண்ணின் பக்கம். இடித்துவிட்டு, வேளார் மகனிடம் பிடிமண் கொடுத்து, சித்தப்பா பெயரில் ஒரு மண்குதிரை எடுக்கலாம், அது பாட்டுக்கு நின்று அது பாட்டுக்கு உதிரட்டும் என்று, தயாரித்துக்கொண்டு போனதைப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன், இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

சித்தி திண்ணையோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அதுவரை வாயே திறக்கவில்லை.

“தம்பி சொல்றது சரிதான், படிச்சவுக. ஆனா குதிரைய இடிக்கக் கூடாது. கால நீங்க கட்டுங்க, காசு நான் தர்றேன்” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தது. கமிட்டித் தலைவர் பெயர் விஷயத்தை மறுபடியும் எடுத்தார்.

“பேர அழிக்கக் கூடாது அம்பலம். இன்னுங் கொஞ்சம் பெருசா எழுதச் சொல்லுங்க. இப்ப ரோட்ட ஒசத்திட்டாகல்ல, பஸ்ஸுல போறவுகளுக்குப் பாதிதான் தெரியுது.”